பட்டுச் சாரம்: போர்க் காயங்களுக்குப் பட்டுப்புழு எவ்வளவு தூரம் உதவும்?

2009 மே மாதத்தில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. காயங்களுக்கு அப்படியொரு திகதி இல்லை. மிதிவெடியில் காலை இழந்தவருக்குச் செயற்கைக் கால் உரசி வரும் புண், எறிகணை வெடித்தபோது கிழிந்து இன்றுவரை சீழ் வடியும் காது, சன்னம் துளைத்த கையில் உணர்வற்றுப்போன விரல்கள், தீக்காயத் தழும்பு இழுத்துப் பிடித்து நீட்ட முடியாமற் போன முழங்கை. வடக்கிலும் கிழக்கிலும், தமிழர் வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும், இவை இன்றும் அன்றாட விடயங்கள்தான்.

இந்த வீடுகளின் கைபேசிகளுக்குத்தான் "பட்டிலிருந்து எலும்பு வளர்க்கிறார்கள்", "பட்டுப்புழு தரும் புதிய தோல்" என்ற செய்திகளும் வந்து சேர்கின்றன. அவை முழுப் பொய்யல்ல. உலகின் பல ஆய்வுகூடங்களில், அயலிலுள்ள இந்தியா உட்பட, பட்டுப் புரதத்தைக் கொண்டு உடலின் சேதமான பகுதிகளை மீளக்கட்டும் முயற்சி பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆனால் ஆய்வுகூடத்தில் நடப்பதற்கும் வைத்தியசாலையில் கிடைப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அந்தச் செய்திகள் சொல்வதில்லை.

சுருக்கமான பதில் இதுதான். இழந்த காலையோ கையையோ பட்டு மீட்டுத் தராது. ஆறாத புண்ணை மூடுவதற்குத்தான் அது மிக அருகில் வந்திருக்கிறது. காது, எலும்பு, நரம்பு ஆகியவை இடையில் வெவ்வேறு படிகளில் நிற்கின்றன. எது எந்தப் படியில் நிற்கிறது என்பதை அறிந்துகொண்டால் வீண் நம்பிக்கையில் பணத்தை இழக்காமல் இருக்கலாம். இன்றே கிடைக்கும் சிகிச்சையைத் தவறவிடாமலும் இருக்கலாம்.

ஏற்கெனவே நமக்குத் தெரிந்த பட்டு

பட்டு மருத்துவத்துக்குப் புதிதல்ல. காயத்துக்கு இழை போடும்போது வைத்தியர் பயன்படுத்தும் கறுப்பு நூல்களில் ஒன்று பட்டு நூல்தான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற கிரேக்க மருத்துவர், இரத்தக் குழாயைக் கட்டுவதற்குப் பட்டு நூலைப் பரிந்துரைத்தார். பணக்காரப் பெண்கள் வாழும் பெரிய நகரங்களில் அது கிடைக்கும் என்றும் எழுதிவைத்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் பணியாற்றிய தியடோர் கொக்கர் போன்ற சத்திரசிகிச்சை நிபுணர்கள், விலங்குக் குடலிலிருந்து செய்த நூலைவிடப் பட்டு நூலே சிறந்தது என்று அதைப் பரவலாக்கினார்கள்.

இந்த நீண்ட அனுபவம் இரண்டு பாடங்களைத் தந்தது. முதலாவது, பட்டை மனித உடல் பொதுவாகச் சகித்துக்கொள்கிறது. இரண்டாவது, அது உடலுக்குள் என்றென்றைக்கும் இருப்பதில்லை. மருத்துவ வகைப்பாட்டில் பட்டு நூல் "கரையாத நூல்" என்றே குறிக்கப்படுகிறது. ஆனாலும் உடலுக்குள் விடப்பட்ட பட்டு ஏறத்தாழ ஓராண்டில் தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. இரண்டு ஆண்டுகளில் அதைக் கண்டுபிடிப்பதே கடினம். உடலின் நொதியங்கள் அதை மெதுவாக அரித்து அமினோ அமிலங்களாக்கிவிடுகின்றன. சகித்துக்கொள்ளப்படுவதும் மெதுவாக மறைவதும்தான் பட்டை இழையப் பொறியியலுக்குள் கொண்டுவந்த குணங்கள்.

சாரம் என்றால் என்ன?

சாரம் என்றதும் கல்முனைப் பக்கத்தில் மருதமுனைத் தறியில் நெய்த சாரன்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்படுவது கட்டட வேலையில் மேசன்மார் கட்டும் சாரம். சுவர் எழும்வரை ஆட்கள் ஏறி நிற்க அது வேண்டும். சுவர் எழுந்த பிறகு அது கழற்றப்பட வேண்டும்.

நம் உடலின் கலங்கள் தாமாகப் பெருகக்கூடியவை. சிறிய வெட்டுக் காயம் மருந்தில்லாமலே ஆறுவது அதனால்தான். ஆனால் இழப்பு பெரிதாக இருக்கும்போது கலங்களுக்குப் பிடித்து நிற்க இடமில்லை. அந்த வெற்றிடத்தை உடல் அவசரமாகத் தழும்பால் நிரப்பிவிடுகிறது. தழும்பு இடத்தை மூடும். ஆனால் தோலைப்போல் விரியாது, எலும்பைப்போல் தாங்காது, நரம்பைப்போல் செய்தி கடத்தாது. அந்த இடத்தில் நுண்துளைகள் நிறைந்த ஒரு கட்டமைப்பை வைத்தால், சுற்றியுள்ள கலங்கள் அதற்குள் ஏறிப் பரவும், தமக்குரிய இழையத்தை உருவாக்கும். இழையம் வளர வளரச் சாரம் கரைந்துபோக வேண்டும். றொபர்ட் லாங்கர், ஜோசப் வக்காந்தி ஆகிய இருவரும் 1993இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்தது. கலம், சாரம், வளர்ச்சியைத் தூண்டும் சமிக்ஞை ஆகிய மூன்றும் இன்றுவரை இதன் அடிப்படைகள்.

சாரம் செய்வது பார்ப்பதற்கு எளிது போலிருக்கும். ஆனால் நிபந்தனைகள் கடினமானவை. மிக விரைவாகக் கரைந்தால் உள்ளே வளரும் இழையம் சரிந்துவிடும். கரையாமலே இருந்தால் அதுவே அந்நியப் பொருளாகி அழற்சியை உண்டாக்கும். துளைகள் சிறியவையானால் கலங்களும் இரத்தக் குழாய்களும் உள்ளே போகா. பெரியவையானால் வலிமை இருக்காது.

ஏன் பட்டு?

பட்டுப்புழு தன் கூட்டைக் கட்டும் நூலில் இரண்டு புரதங்கள் உள்ளன. உள்ளே இருக்கும் உறுதியான இழை பைப்ரோயின். அதை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை செரிசின். கூட்டின் நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செரிசின்தான். பைப்ரோயினின் நீண்ட சங்கிலியில் கிளைசின், அலனின் என்ற சிறிய அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவை மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாள்களைப்போல் நெருக்கமான பளிங்குப் பகுதிகளாகின்றன. பட்டின் வலிமை அங்கிருந்து வருகிறது. இந்தப் பளிங்குப் பகுதிகளைக் கூட்டியோ குறைத்தோ சாரம் கரையும் காலத்தையும் மாற்றலாம். எலிகளில் செய்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், நீரை மட்டும் பயன்படுத்திச் செய்த பட்டுச் சாரங்கள் இரண்டு முதல் ஆறு மாதங்களில் பெரும்பாலும் கரைந்தன. கரிமக் கரைப்பானில் செய்தவை ஓராண்டைத் தாண்டியும் நின்றன. ஒரே பட்டு, வேறு செய்முறை, வேறு ஆயுள்.

பட்டு நூலால் பழைய காலத்தில் சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டதுண்டு. செரிசின் பசை முழுமையாக நீக்கப்படாததே அதற்கு முக்கிய காரணமாகச் சுட்டப்பட்டது. அதனால் சாரம் செய்வதில் முதல் வேலையே பசை நீக்குவது. அதே செரிசின், தனியாகப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்தினால், புண் ஆற உதவக்கூடியது என்பது பின்னர் தெரியவந்தது.

நம் வாசகர்களுக்கு முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. மருத்துவச் சாரங்களில் கணிசமானவை மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கப்படும் பொருட்களால் ஆனவை. தீக்காயத்துக்கென அமெரிக்காவில் யானஸ், பேர்க் ஆகியோர் உருவாக்கி, 1996இல் அங்கே அங்கீகாரம் பெற்ற செயற்கைத் தோல், மாட்டின் கொலாஜனும் சுறாவிலிருந்து எடுத்த ஒரு பொருளும் சேர்ந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் உருவாக்கிய புண் ஆற்றும் சாரமொன்று பன்றியின் பித்தப்பையிலிருந்து வருவது. சமய நம்பிக்கை காரணமாக இவற்றை ஏற்கத் தயங்கும் முஸ்லிம் நோயாளரும் உண்டு, இந்து நோயாளரும் உண்டு. உயிராபத்தில் எது அனுமதிக்கப்படும் என்பது சமய அறிஞர்கள் சொல்ல வேண்டியது. ஆனால் வேறொரு தெரிவு இருப்பது நல்லது. பட்டு அந்தத் தெரிவுகளில் ஒன்று.

ஆண்கள் பட்டு அணிவதற்குத் தடை உள்ள சமூகத்தில், பட்டை உடலில் வைப்பது பற்றிய கேள்வியும் எழக்கூடும். தோலில் அரிப்பு ஏற்பட்ட ஸுபைர், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் ஆகிய இரண்டு தோழர்களுக்குப் பட்டு அணிய நபிகள் அனுமதி வழங்கிய செய்தி ஹதீஸ் தொகுப்புகளில் உண்டு. அலங்காரத்தையும் மருத்துவத் தேவையையும் வேறுபடுத்திப் பார்ப்பதற்கு அறிஞர்கள் இதை எடுத்துக்காட்டுவதுண்டு. மேலதிக விளக்கத்தை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கூட்டிலிருந்து சாரம்வரை

செய்முறையின் அடிப்படை ஆச்சரியப்படும் அளவுக்கு எளியது. பட்டுக்கூட்டை வெட்டி உள்ளிருக்கும் கூட்டுப்புழுவை அகற்றுகிறார்கள். கூட்டைச் சோடியம் காபனேற்றுக் கரைசலில் ஏறத்தாழ அரை மணி நேரம் கொதிக்கவைத்தால் செரிசின் பசை கழன்றுவிடும். எஞ்சிய வெண்பஞ்சு போன்ற இழையை உலர்த்தி, செறிந்த லித்தியம் புரோமைட்டுக் கரைசலில் 60 பாகை செல்சியசில் சில மணி நேரம் வைத்தால் அது கரைந்து, பாகு போன்ற திரவமாகும். அதை நுண்ணிய சவ்வுப் பைகளில் இட்டு, நீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாட்கள் ஊறவிட்டால் உப்பு வெளியேறிவிடும். மிஞ்சுவது நீரில் கரைந்த தூய பட்டுப் புரதம்.

இதிலிருந்து எந்த வடிவமும் செய்யலாம். மெல்லிய படலமாக ஊற்றலாம். கூழாக்கலாம். மின்புலத்தில் இழுத்து நுண்ணிழை வலையாக்கலாம். முப்பரிமாண அச்சுப்பொறியில் இட்டு அடுக்கடுக்காக அச்சிடலாம். எலும்புக்கான கடற்பஞ்சு போன்ற சாரம் செய்யும் ஒரு வழி இன்னும் எளிது. அச்சிலுள்ள பட்டுக் கரைசலில் உப்புக் கற்களைக் கொட்டி இறுகவிடுகிறார்கள். பிறகு நீரில் போட்டால் உப்புக் கரைந்துபோகும், அது இருந்த இடமெல்லாம் துளைகளாகும். எவ்வளவு பருமனான உப்புக் கல்லோ, அவ்வளவு பெரிய துளை.

நூலை நூலாகவே வைத்தும் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் ரவ்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லானின் குழுவினர் 2002இல், முழங்காலின் நடுவிலுள்ள சிலுவை வடிவ இணையத்துக்காகப் பட்டு இழைகளைக் கயிறுபோல் முறுக்கிச் சாரம் செய்தார்கள். பட்டு உயிர்ப்பொருட்கள் பற்றி 2003இல் அக்குழு வெளியிட்ட நீண்ட மீளாய்வுக் கட்டுரை இத்துறையில் மிக அதிகமாக எடுத்தாளப்படுபவற்றில் ஒன்று.

இந்திய ஆய்வுகூடங்களில்

உலகில் சீனாவுக்கு அடுத்து அதிகம் பட்டு உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. மல்பெரிப் பட்டோடு டசார், எரி, முகா என்ற காட்டுப்பட்டு வகைகளும் அங்கே உண்டு. மல்பெரிப் பட்டில் இல்லாத ஒரு வசதி இந்தக் காட்டுப்பட்டுகளில் இருப்பதை எடுத்துக்காட்டிய முன்னோடிகளில் ஒருவர், கரக்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் பணியாற்றிய சுபாஸ் குண்டு. கலங்கள் பற்றிப் பிடித்துக்கொள்ளும் கொளுக்கி போன்ற ஓர் அமினோ அமில வரிசை இவற்றின் புரதத்திலேயே இயற்கையாக அமைந்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், மல்பெரிக் கூட்டைக் கரைக்கும் லித்தியம் புரோமைட்டில் டசார்க் கூடு எளிதில் கரைவதில்லை. அதனால் புழு கூடு கட்டுவதற்கு முன்பே அதன் பட்டுச் சுரப்பியிலிருந்து புரதத்தை எடுக்கும் முறையை இந்த ஆய்வாளர்கள் கையாண்டார்கள்.

குண்டுவின் மாணவரான பிமன் மண்டல், ரவ்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கப்லானிடம் பயிற்சி பெற்றுத் திரும்பி, அசாமின் குவாஹாத்தி தொழினுட்பக் கழகத்தில் ஓர் ஆய்வுகூடத்தைக் கட்டியெழுப்பினார். அசாமில் எரியும் முகாவும் கிராமங்களில் வளர்க்கப்படும் பட்டுகள். எரிப்புழு தின்பது ஆமணக்கு இலையை. இந்தப் பட்டுகளைக் கொண்டு நீரிழிவுப் புண்ணுக்கான உறைகள், முழங்கால் மூட்டுத் தட்டு, எலும்பு ஆகியவற்றுக்கான சாரங்களை அவரது குழு ஆராய்கிறது. டில்லித் தொழினுட்பக் கழகத்தில் சௌரப் கோஷ், பட்டுக் கூழில் உயிருள்ள கலங்களைக் கலந்து கசியிழையத்தை அச்சிடும் ஆய்வுகளைச் செய்கிறார். அவர் இருப்பது மருத்துவத் துறையில் அல்ல, நெசவு மற்றும் இழைப் பொறியியல் துறையில். புனே தேசிய இரசாயன ஆய்வுகூடத்தில் அனுயா நிசல், எலும்பு இடைவெளியை நிரப்பும் பட்டுப் பொருளை ஆய்வுகூடத்திலிருந்து உற்பத்திக்குக் கொண்டுசெல்லும் முயற்சியில் ஈடுபட்டார். பெங்களூரில் பட்டுப் புரதத்தால் ஆன புண் உறைகள் வணிகப் பொருளாகவே தயாரிக்கப்படுகின்றன.

காயம் காயமாகப் பார்த்தால்

*தோலும் ஆறாத புண்ணும்.* பட்டு மனிதருக்குப் பயன்படத் தொடங்கிவிட்ட இடம் இதுதான். தாய்லாந்தின் சூலலொங்கோர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒட்டுத்தோல் எடுக்கப்பட்ட இடத்தில் உண்டாகும் புண்ணுக்குச் செரிசின் கலந்த உறையைப் பரிசோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பட்டு உறை போட்ட புண்கள் சராசரியாக 12 நாட்களில் ஆறின. வழக்கமான உறை போட்டவை 14 நாட்களில் ஆறின. முதல் நாட்களில் வலியும் குறைவாக இருந்தது. இந்த எண்களை நினைவில் வைத்திருப்பது நல்லது. பலன் உண்மையானது. அதன் அளவு இரண்டு நாள்.

செயற்கைக் கால் உரசி வரும் புண்ணுக்கு எந்த உறை போட்டாலும், உரசல் நிற்காவிட்டால் அது ஆறாது. முதலில் திருத்த வேண்டியது கால் பொருந்தும் குழி. உடல் மெலிந்தாலும் பருத்தாலும் அந்தக் குழி பொருந்தாமற் போகும். நீரிழிவு இருந்தால் சீனியின் அளவைக் கட்டுப்படுத்துவதும் புண்ணின்மேல் பாரம் விழாமல் பார்ப்பதும் எந்தப் பட்டைவிடவும் முக்கியம். மூட்டை இழுத்துப் பிடித்த பழைய தீக்காயத் தழும்புக்கு, அதை வெட்டித் தளர்த்தி ஒட்டுத்தோல் வைக்கும் சத்திரசிகிச்சை இன்றும் உண்டு. பல வருடம் கடந்துவிட்டது என்பது அதற்குத் தடையல்ல.

*காது.* குண்டு வெடிப்பின் அழுத்த அலை உடலில் முதலில் கிழிக்கும் உறுப்புகளில் ஒன்று செவிப்பறை மென்சவ்வு. போர்க்கால எறிகணைக்கும் இது பொருந்தும், 2019 உயிர்த்த ஞாயிறு அன்று நடந்த குண்டுவெடிப்புகளுக்கும் பொருந்தும். சிறிய கிழிசல்கள் பெரும்பாலும் தாமாக மூடிக்கொள்ளும். மூடாதவை கேட்டலைக் குறைக்கும், அடிக்கடி சீழ் பிடிக்கும். அடிபட்டுப் புதிதாக ஏற்பட்ட துளைகளைப் பட்டுத் துண்டால் மூடிப் பார்த்த ஆய்வொன்று தென் கொரியாவிலிருந்து 2015இல் வெளிவந்தது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலுள்ள காது ஆய்வு நிறுவனமொன்று, செவிப்பறைக்கென்றே மெல்லிய பட்டுப் படலத்தை உருவாக்கிவருகிறது. மனிதரின் சொந்த இழையத்தை எடுக்கும் தேவையைத் தவிர்ப்பது இவற்றின் நோக்கம்.

ஆனால் துளைபட்ட காதோடு பல வருடம் வாழ்பவர்கள் பட்டு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காதுக்கு மேலுள்ள தசையின் உறையிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துத் துளையை மூடும் சத்திரசிகிச்சை நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. "வெடிச் சத்தத்தில் போன காது இனி வராது" என்று தாமாக முடிவு செய்தவர்கள், காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் ஒருமுறை காட்டிப் பார்ப்பது பயன் தரும். உட்காதின் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் இந்தச் சிகிச்சை உதவாது. அதைக் கேட்டல் பரிசோதனையில் கண்டுகொள்ளலாம்.

*எலும்பு.* சிதறிப்போன எலும்பில் இடைவெளி விழுந்தால், இடுப்பெலும்பிலிருந்து துண்டெடுத்து நிரப்புவது இன்றைய வழக்கம். எடுத்த இடத்தில் வலி நீடிப்பதும், எடுக்கக்கூடிய அளவு குறைவாக இருப்பதும் இதன் குறைகள். பட்டு நுண்ணிழைகளால் வலுவூட்டிய பட்டுச் சாரங்களை மண்டலும் கப்லானும் 2012இல் விவரித்தார்கள். சிறிய இடைவெளிகளை நிரப்புவதற்கு இத்தகைய பொருட்கள் பொருத்தமானவை. உடலின் முழுப் பாரத்தைத் தாங்கும் தொடை எலும்பின் நீண்ட இழப்பைப் பட்டு மட்டும் ஈடுசெய்யாது. அங்கே உலோகத் தாங்கியும் சட்டங்களும் இன்னும் வேண்டும்.

*நரம்பு.* வெட்டுண்ட நரம்பின் முனை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வளரும். எதிர்முனையைத் தேடிப்போக அதற்கு வழி வேண்டும். ஜேர்மனியின் ஹனோவர் ஆய்வாளர்கள் 2011இல், செம்மறியாட்டின் காலில் ஆறு சென்றிமீற்றர் நீள நரம்பு இடைவெளியைச் சிலந்திப் பட்டு நிரப்பிய குழாயால் இணைத்து நரம்பு வளர்வதைக் காட்டினார்கள். ஆறு சென்றிமீற்றர் என்பது பெரிய தூரம். ஆனால் இங்கே காலம் நமக்கு எதிராக நிற்கிறது. நரம்புத் தொடர்பை இழந்த தசை ஒன்றிரண்டு வருடங்களில் மீள முடியாதபடி நலிந்துவிடும். ஆகவே 2009இல் அறுந்த நரம்புக்கு நாளை வரப்போகும் குழாய் பெரிதாக உதவாது. இயங்கும் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தும் சத்திரசிகிச்சை சிலருக்குக் கைப்பிடியை ஓரளவு மீட்டுத் தரும். இன்று வீதி விபத்தில் நரம்பு அறுபடும் இளைஞருக்குத்தான் பட்டுக் குழாய் எதிர்காலத்தில் பயன்படும்.

*கால், கை.* ஓர் அவயவம் என்பது எலும்பு, தசை, நரம்பு, குழாய், தோல் அனைத்தும் உரிய இடத்தில் ஒன்றாக இயங்குவது. அதற்கும் முன்பே ஓர் அடிப்படைத் தடை உண்டு. ஒரு கலம் உயிரோடு இருக்க வேண்டுமானால், மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு தூரத்துக்குள் இரத்த மயிர்த்துளைக்குழாய் இருக்க வேண்டும். தடித்த சாரத்தின் நடுவில் உள்ள கலங்கள் இரத்தம் வந்து சேருமுன் இறந்துவிடுகின்றன. இந்தத் தடையை எந்த ஆய்வுகூடமும் அவயவ அளவில் இன்னும் கடக்கவில்லை. பட்டு உட்பட எந்தச் சாரத்திலும் மனிதக் கால் வளர்ந்ததில்லை. ஜெய்ப்பூர் கால்தான் இன்றும் நம் மக்களை நடக்கவைக்கிறது. 1968இல் இராஜஸ்தானில் மலிவாகச் செய்யத் தொடங்கிய அந்தக் காலை, 1980களின் பிற்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்திலும் செய்து பொருத்துகிறார்கள்.

அங்கீகாரம் பெற்றதிலும் கவனம் வேண்டும்

பட்டு என்பதால் மட்டும் ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது. ரவ்ட்ஸ் ஆய்வுகளிலிருந்து பிறந்த ஒரு நிறுவனம், மென்மையான இழையங்களைத் தாங்கும் பின்னிய பட்டு வலைக்கு 2008இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றது. 2010இல் ஒரு பெரிய மருந்து நிறுவனம் அதை வாங்கியது. 2015இல், அனுமதி அளிக்கப்படாத மார்பகச் சத்திரசிகிச்சைப் பயன்பாட்டுக்கு அதை விளம்பரப்படுத்தியதாக அதே நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அனுமதி எப்போதும் ஒரு பொருளுக்கும் ஒரு பயன்பாட்டுக்கும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. ஒரு புண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட பொருளை எல்லாப் புண்ணுக்கும் ஏற்றது என்று விற்பது தவறு.

யாருக்காக இந்த அறிவியல்?

இந்தத் துறைக்குக் கிடைத்த பணத்தின் ஒரு பெரும் ஊற்று போர்தான். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அவயவங்களை இழந்தும் எரிந்தும் திரும்பிய தன் படையினருக்காக, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 2008இல் மீளுருவாக்க மருத்துவத்துக்கான ஆய்வு அமைப்பொன்றைத் தொடங்கியது. வன்னியில் கடைசிப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. குண்டு வெடித்த உடலை எப்படி மீளக்கட்டுவது என்ற கேள்வி படையினரின் பெயரால் கேட்கப்பட்டது. அதே வகைக் காயங்களோடு வாழும் பொதுமக்கள், அந்தப் பதிலைப் பெறும் வரிசையில் கடைசியில் நிற்கிறார்கள்.

இந்திய ஆய்வுகளின் பெறுமதி இங்கேதான் தெரிகிறது. மூலப்பொருள் விவசாயியின் வீட்டில் விளைகிறது. வெட்டுக்கூடும் கழிவு நூலும்கூடப் பயன்படும். மாடு, பன்றி சார்ந்த இறக்குமதிப் பொருட்களைவிட மலிவாகக் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. மருதமுனை போன்ற நெசவு ஊர்களில் இதைப் படிப்பவர்களுக்கு ஓர் ஆசை எழலாம். கைத்தறியில் மருத்துவச் சாரம் நெய்ய முடியாது. கிருமி நீக்கிய அறையும், தொகுதி தொகுதியாகத் தரச் சோதனையும் அதற்கு வேண்டும். ஆனால் முறுக்கு, பின்னல், இழையின் இழுவை பற்றிய அறிவு இந்தத் துறையின் மையத்தில் இருக்கிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை உயிரியலோடு இழைப் பொறியியலையும் படித்தால் இந்த ஆய்வுகூடங்களில் அவருக்கு இடமுண்டு.

கேட்க வேண்டிய கேள்விகள்

பட்டுச் சிகிச்சை என்று யாராவது உங்களிடம் ஒன்றைச் சொன்னால், இவற்றைக் கேளுங்கள்.

இது மனிதரில் பரிசோதிக்கப்பட்டதா, எலியிலோ ஆட்டிலோ மட்டுமா?

பரிசோதிக்கப்பட்டது என்னுடைய காயம் போன்ற காயத்திலா? புதிய காயத்தில் பலன் தந்தது பத்து, இருபது வருடப் பழைய காயத்திலும் தரும் என்று பொருளல்ல.

இலங்கையின் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் இந்தப் பொருள் பதிவு செய்யப்பட்டுள்ளதா? எந்தப் பயன்பாட்டுக்கு?

இன்று அரச வைத்தியசாலையில் இதே பிரச்சினைக்கு என்ன சிகிச்சை உண்டு? அதைவிட இது எவ்வளவு மேல்?

ஆய்வுக்காக என்றால், என்னிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்? முறையான மருத்துவ ஆய்வுகளில் பரிசோதனைப் பொருளுக்குப் பங்கேற்பவரிடம் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை. என்ன நடக்கப்போகிறது என்பதை உங்களுக்கு விளங்கும் மொழியில் எழுத்தில் தந்து, சம்மதம் பெற வேண்டும். நினைத்தபோது விலகும் உரிமையும் உங்களுக்கு இருக்க வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் சொல்பவரிடம் மேலும் பேசலாம். பதில் சொல்லாமல் காணொளியை மட்டும் காட்டுபவரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம். அதே வேளை, காதில் சீழ், ஆறாத புண், இழுத்த தழும்பு, பொருந்தாத செயற்கைக் கால் ஆகியவற்றுக்கு இன்றே சிகிச்சை உண்டு. பட்டு வரும்போது வரட்டும். அடுத்த கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள்.